நீர்மூழ்கிக் கப்பலின் உட்பக்கம்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும்; எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். முப்பது வருடமாக அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொல்வது வெட்கம். மற்றவர்கள் எழுதியதை வெட்டி, மடித்து, ஒட்டியே பழகிவிட்டேன். சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தங்கை தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா அம்மா இல்லை. வளைகாப்பு முடிந்து அரக்கோணத்தில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து அவளை அழைத்து வந்தது நானும் என் மனைவியும்தான். அவள் கணவருக்கு விசாகப்பட்டினத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. கடலுக்குள் போய்விட்டால் வாரக்கணக்கில் போன் வராது. எங்கே போகிறார், எப்போது வருவார் என்று சொல்லவும் கூடாதாம். தங்கை போனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். “ஏன்ணா, அதுல ஜன்னல் இருக்குமா?”

“தெர்லம்மா.”

“படுத்துகினு இருப்பாரா, நின்னுகினே இருப்பாரா?”

அதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பேசி ஆறுதல் சொல்ல வராது. நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தங்கை முன்னாலும் அப்படித்தான். ஆனால் கை வேலை வரும். கண்ணால் பார்த்துவிட்டால் அவள் பயம் குறையும் என்று தோன்றியது. போனில் கப்பலின் படங்களைத் தேடிப் பார்த்து, ஏழு அடி நீளத்துக்குக் காகிதத்தில் செய்வதென்று முடிவு செய்தேன்.

அச்சகத்தில் கெட்டிக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. எங்களிடம் அதிகம் அச்சாவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். கலர் சரியாக வரும்வரை மெஷினில் ஓட்டிப் பார்க்கும் தாள்கள் மூலையில் குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் வழவழவென்று இறந்தவர் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. முதலாளியிடம் கேட்டேன்.

“எத்தினி வேணா எட்த்துக்கோ. இன்னாயா, பைண்டிங்க வுட்டுட்டு கப்பல் படையில சேரப் போறியா?” என்றார். மெஷின்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கெட்டி அட்டையில் பதினான்கு வளையங்கள் வெட்டினேன். நடுவில் பெரியது, இரண்டு முனைக்கும் போகப் போகச் சின்னது. அவற்றை மூங்கில் சிம்புகளில் கோத்துக் கட்டினேன். மைதா பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, தாள்களை மேலே ஒட்டினேன். வழவழப்பான பக்கத்தில் கறுப்பு பெயின்ட் பிடிக்காது. அதனால் வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்து, படம் இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்தேன்.

என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். “மாசமா இருக்கிற பொண்ணுக்கு எல்லாரும் வளையல் வாங்கித் தருவாங்க. இவரு கப்பல் கட்டித் தராரு. ரயிலும் ஒண்ணு கட்டுங்க, அரக்கோணம் போக வசதியா இருக்கும்.”

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. பசைக் கிண்ணத்தைப் பிடிப்பாள்; அவள் உட்காரும் பக்கத்துக்குத் தாளின் வெள்ளைதான் தெரியும். “கக்கூஸ் எந்தப் பக்கம்ணா?” என்று கேட்பாள். போன் வராத நாட்களை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். கப்பல் கட்டிய அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்போது நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் ஒரு தாளைக் கவிழ்க்கும்போது அதிலிருந்த முகத்தைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். மாப்பிள்ளையைப் போலவே மெல்லிய மீசை. என் கை நின்றது. தினமும் இறந்தவர்களின் முகங்களை அடுக்கி வெட்டுகிறவன் நான். அவை எனக்கு முகமாகத் தெரிந்து வருடங்கள் ஆயிற்று. இது தெரிந்தது. இதை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பசை தடவியாகிவிட்டது, காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒட்டிவிட்டேன்.

பெயின்ட் அடித்து முடித்த பிறகு தங்கை, “மேல ஒரு மூடி வைண்ணா. தொறந்து மூடற மாதிரி” என்றாள். கப்பலின் மேலே கூண்டு போல இருக்கும் இடத்தில் வெட்டி மூடி வைத்தேன். வெட்டும்போது உள்ளே பார்த்தேன். ஒரே இருட்டு. வெள்ளைத் தாள் கொஞ்சம் உள்ளே ஒட்டியிருக்கலாம். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. இருட்டில் என்ன தெரியப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அவள் மூடி கேட்டதற்குக் காரணம் இருந்தது. நோட்டுத் தாளில் விரல் நீளத்துக்கு ஒரு ஆள் வெட்டி வைத்திருந்தாள். பேனாவால் மீசை போட்டு, சட்டைக்கு நீலம் தீட்டியிருந்தாள். அதுதான் அவள் கணவர். மறுநாள் காலையில் அவரை உள்ளே படுக்க வைக்கப் போகிறேன் என்று மூடியைத் திறந்தாள். இடம் பார்ப்பதற்காகப் போனில் லைட்டைப் போட்டு உள்ளே காட்டினாள்.

கையிலிருந்த காகித ஆள் உள்ளே விழுந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். வெளிச்சத்தில் சுற்றிலும் முகங்கள். மூடிக்கு நேர் கீழே கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து.

“இது உனுக்குத் தெரியுமா?” என்றாள்.

“பாக்கலம்மா.”

“நீதான ஒட்டன?”

“ஆங். கவனிக்கல.”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமியாருக்குப் போன் செய்தாள். சாயங்காலம் கார் வந்தது. என் மனைவி கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் சுவரோடு நின்றேன். பையை எடுத்துக் காரில் வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். நன்றாக இருந்தார். பெண் குழந்தை அரக்கோணத்தில் பிறந்தது. தாய்வீட்டில் நடக்க வேண்டிய பிரசவம் என்று ஊரில் பேசினார்கள். எனக்கு வலித்தது அது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தோம். மற்றவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் தங்கை மெதுவாகக் கேட்டாள்.

“கோவம் இல்லண்ணா. தெரிஞ்சி ஒட்டனியா, தெரியாம ஒட்டனியா? அத மட்டும் சொல்லு.”

அவள் கேட்ட விதத்தில், தெரிந்துதான் என்று சொன்னாலும் மன்னித்திருப்பாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் என் வாயில் வந்தது, “தெரியாமதாம்மா.”

“சரி” என்று குழந்தையின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை.

கப்பலை நீளவாக்கில் அறுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். அறுக்கும்போது அந்தக் காகித ஆள் கிடைத்தான். அவனை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் அவர்கள் குடும்பமாக எங்கள் ஊர் முருகன் மலைக்குக் காவடி எடுத்து வருவார்கள். மலை ஏறுவார்கள், இறங்குவார்கள், ரயில் பிடித்துப் போய்விடுவார்கள். நேற்று படிக்கட்டில் அவ்வளவு கூட்டத்தில் எதிரெதிரே வந்துவிட்டோம். அவள் கையைப் பிடித்திருந்த பெண்ணுக்கு ஏழு வயது. மாப்பிள்ளை காவடியோடு முன்னால் போய்விட்டார்.

“சாப்ட்டியாண்ணா?” என்றாள்.

“ஆங்” என்றேன்.

சாப்பிட்டிருக்கவில்லை. அதிலும் பொய். அவள் ஒரு படி மேலே நின்று, நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்பதுபோலப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் அரோகரா சொல்லித் தள்ளினார்கள். அவள் மேலே போனாள், நான் கீழே இறங்கினேன்.

வாயால் என்னால் சொல்ல முடியாது என்று வீட்டுக்கு வந்தபோது தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். தெரிந்துதானம்மா ஒட்டினேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

இந்தத் தாள்களை நடுவில் மடித்து ஊசி நூலால் தைத்திருக்கிறேன். காகித ஆள் உள்ளே இருக்கிறான். இந்தத் தடவை அவனைச் சுற்றி இருப்பது என் எழுத்து மட்டும்தான்.

திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.