மச்சானின் அடையாள அட்டையோடு பாலம் கடந்த நாள்

2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நேரம். கண்டி டவுனுக்குப் போகும் கட்டுகஸ்தோட்டைப் பாலம் திடீரென்று எல்லையாகிவிட்டது. கண்டி ராஜாக்கள் காலத்தில் மகாவலியைக் கடக்கும் துறைகளில் காவல் இருந்ததாம். விசாரிக்காமல் யாரையும் விடமாட்டார்களாம். பிறகு பாலம் வந்தது, பஸ் வந்தது, கீழே ஆறு ஓடுவதையே மறந்துவிட்டோம். இப்போது மறுபடியும் பாலத்து முனையில் தடுப்புப் போட்டுப் பொலிஸ் நின்றது. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் விட்டார்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு இலக்கம்.

அன்று என் இலக்கத்தின் நாள் அல்ல. ஆனால் மாமியாரின் இன்சுலின் அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பாமசிகளில் இல்லை. கண்டி டவுனில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர் எடுத்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னார். அன்றைய இலக்கம் மச்சானுடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது. அவரோ முதல் நாள் பலாக்காய் பறிக்கப் போய், கால் சுளுக்கிக் கட்டிலில் கிடந்தார்.

"அவன் அட்டையக் குடு. மாஸ்க் போட்டா எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான்" என்றேன்.

"அம்மாவோட கிளினிக் கொப்பி இருக்கே. அதக் காட்டிக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"கொப்பியப் பாத்து விட்டுருவாங்களா? நீ வேற!"

டொக்டர் மருந்து எழுதிய அந்தக் கொப்பியை அவள் என் பையில் வைத்தாள்.

மச்சானின் பெயரையும் பிறந்த திகதியையும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வரிசை நகர நகர இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

சிங்கள சார்ஜன்ட் ஒருவர் அட்டையை வாங்கினார். "மாஸ்க் கொஞ்சம் கீழ."

இறக்கினேன். படத்தில் மச்சானுக்குச் சுருட்டை முடி, கத்தை மீசை. எனக்கு இரண்டும் இல்லை.

"பேர் என்ன?"

முப்பது தடவை சொல்லிப் பார்த்த பெயர். வாயில் வந்ததோ என் சொந்தப் பெயர். போதாததற்கு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அப்ப இது யாரு?"

"மச்சான், சேர்."

"மச்சான் எங்க?"

"கட்டில்ல, சேர்."

"கட்டில்ல இருக்கிற ஆள் எப்பிடி டவுனுக்கு போறது?"

பின்னால் நின்ற எங்கள் ஊர்க் கடைக்காரர், "மீசையையும் மச்சான்கிட்டயே வாங்கிட்டு வந்திருக்கலாமே அண்ணே" என்றார். வரிசையே சிரித்தது. நான் மட்டும் மனதுக்குள் ஏற்கனவே பொலிஸ் கூண்டுக்குள் உட்கார்ந்து, இன்சுலினுக்கு யாரை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சார்ஜன்ட் பையைத் திறக்கச் சொன்னார். கொப்பியை எடுத்தார். புரட்டினார்.

"இது இருக்குத்தானே! இத காட்டினா போதும். மருந்துக்கு நம்பர் பாக்கிறது இல்ல."

அட்டையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார். "மருந்தோட வாங்க. தாரன்."

டவுனில் இன்சுலினை வாங்கித் திரும்பி வந்து, ஐஸ் போட்ட பிளாஸ்கைத் திறந்து காட்டினேன். அட்டையைத் தந்து, "இனி இப்பிடி செய்ய வேணாம்" என்றார், அவ்வளவுதான். மாமியாருக்கு அன்று மாலை ஊசி போட்டோம்.

இந்தக் கதையைச் சொல்லி மச்சான் இன்றும் சிரிக்கிறார், நானும்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்கள் ஆயுள் முழுக்கக் குடியுரிமை கேட்டு அரசாங்கக் கந்தோர்களில் கடதாசி நீட்டி, 'இது போதாது' என்ற பதிலையே கேட்டு வந்தவர்கள். அன்று யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. சீருடையைக் கண்டதும், கையிலிருந்த உண்மை போதாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.