இடம் மாறிய குட்டை

"நீர்நிலைக் கள ஆய்வாளர்: நன்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். சேற்றிலும் வெயிலிலும் நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர் கரையோரம் நடக்கும் உடல்வலிமை அவசியம்."

பணி விவரம் இப்படிச் சொல்கிறது. பணியில் இருக்கும் அம்மையாரோ இரண்டாம் மாடியில், ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்கவே மாட்டார். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு ஏரிகளின் நாடி அவர் கையில். ஐந்து நாளைக்கொருமுறை செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைக் கணினி நீர், நிலம் என்று பிரித்துத் தரும். எது நிரம்பியது, எது வற்றியது என்று இவர் அறிக்கை எழுதுவார்.

அலுவலகத்தில் பட்டப்பெயர் 'மேகம்'. ஏரி நிறைய மேகம் வேண்டும். நிறைந்ததைப் பார்க்க மேகம் விலக வேண்டும். அதனால் நாள் முழுக்க அதை வேண்டிக்கொண்டும் வைதுகொண்டும் இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் வந்து நின்றார். "மேகம் மேடம், 'வத்திப்போச்சு, ஓரத்துல குட்டைதான்'னு மூணு தடவ கையெழுத்துப் போட்டீங்களே, அந்த ஏரிய நீர்நிலைப் பட்டியல்லேருந்து வர்ற வெள்ளிக்கிழமை எடுத்துடறாங்க. அங்க பஸ் டிப்போ வருதாம்."

அம்மையாருக்குச் சுருக்கென்றது. கணினி சொன்னதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டாகிவிட்டது. மூன்று படங்களையும் மறுபடி திறந்தார். பச்சைப்பசேலென்று நிலம், ஓரத்தில் குட்டை. ஆனால் முதல் படத்தில் குட்டை கிழக்கே, அடுத்ததில் தெற்கே, மூன்றாவதில் மேற்கே.

குழாய் ரிப்பேர் செய்யும் கணவரிடம் அன்று சாப்பிடும்போது கேட்டார். "ஏங்க, நிலம் நகருமா?"

"நம்ம வீட்டு அலமாரியே இருபது வருஷமா நகரல. நிலம் எங்க நகரப் போகுது? பேசாம சாப்பிடு."

அம்மையார் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் அந்த ஏரியின் மூன்று மாதப் படங்களில் மேகமூட்டம் மறைத்த ஏழைத் தள்ளிவிட்டு, மிச்சம் பன்னிரண்டையும் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அன்றைய காற்றின் திசையைக் குறித்து, வேகமாக ஓடவிட்டார். மேலாளர் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

"என்னம்மா இது, நிலம் நடக்குது?"

"நிலம் இல்ல சார், ஆகாயத்தாமரை. காத்து தள்ளுற பக்கமா மிதந்து போகுது. கணினிக்குப் பச்சையா இருந்தா எல்லாம் நிலம். அடியில ஏரி முழுசா இருக்கு."

"அப்ப நீங்க போட்ட கையெழுத்து?"

"மூணும் தப்பு. எழுதியே தரேன் சார்."

"தப்ப இவ்வளவு சந்தோஷமா ஒத்துக்கற ஆள நான் பாத்ததில்ல" என்றார் மேலாளர். கீழ்த்தள எழுத்தர்கள்கூடப் படியேறி வந்து, நடக்கும் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை அம்மையார் தம்முடைய மூன்று அறிக்கைகளையும் திரும்பப் பெற்றார். ஏரி இன்னும் பட்டியலில் இருக்கிறது.