இரண்டாவது பள்ளியில் தடுமாறிய புரோகிராம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து பத்தாண்டு ஆகியிருந்தது. மலாக்கா காஜா பேராங்கில் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் கோகிலா, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அதற்குக் கட்டளை எழுதக் கற்றிருந்தாள். அவளும் பக்கத்து வீட்டு ஜெயபாலனும் தபால் வழியில் படித்தார்கள். எந்திரத்துக்கு எங்கே போவது? எண் எழுதிய தீப்பெட்டிகளை அடுக்கி, அவையே அதன் நினைவறைகள் என்று வைத்துக்கொண்டார்கள். அவள் கட்டளையை வாசிப்பாள். அவன் எந்திரமாகி, பெட்டிக்குப் பெட்டி சீட்டை மாற்றுவான்.

படிப்பை விடச் சண்டைதான் அதிகம்.

"ஒரே மூச்சுல எழுதணும், கோகிலா. ஓடும்போதே புரோகிராம் தன் கட்டளையைத் தானே மாத்திக்கணும். பத்து வரியில வேலை முடிஞ்சிடும்."

"மாத்தினதை யாரு பழையபடி வைக்கிறது? வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பேர் வைங்க. வேணும்போது கூப்பிட்டுக்கலாம்."

"அத்தனை துண்டுக்கும் இடம் ஏதுலா? எந்திரம் என்ன ஊர்க்கோடி செமாபோக் வரைக்கும் நீளுமா?"

அடுப்படியிலிருந்து அம்மா அஞ்சலை குரல் கொடுப்பாள்: "கல்யாண வயசுல ரெண்டும் தீப்பெட்டி அடுக்குதுங்க!"

அந்த நேரத்தில் மட்டும் இருவரும் குனிந்து தீப்பெட்டிகளையே எண்ணுவார்கள்.

ஜெயபாலனுக்குக் கோலாலம்பூரில், பள்ளிகளின் பரீட்சை மார்க்கைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் ஆபீஸில் வேலை கிடைத்தது. பஸ் ஏறும்போது, "லெட்டர் போடுறேன்" என்றான். போட்டான். வாரம் தவறாமல் நான்கு பக்கம், அத்தனையும் அதே சண்டை. கடைசி வரியிலாவது தனக்கென்று ஒரு சொல் இருக்காதா என்று கோகிலா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அவன் போன எட்டாம் மாதம் வந்த கடிதத்தில் சண்டை இல்லை. 'முதல் பள்ளிக்கூடத்து மார்க் சரியாக வருகிறது. இரண்டாவதிலிருந்து எல்லாம் குப்பை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும். ஊருக்கே வந்துவிடுவேன்.' கூடவே புரோகிராமும் இருந்தது.

கோகிலா தீப்பெட்டிகளை அடுக்கினாள். இந்த முறை எந்திரமும் அவளேதான். முதல் பள்ளி முடிந்தது. ஓடிய ஓட்டத்தில் மாறிப்போன கட்டளை, கடைசி மாணவனைக் காட்டியபடி அப்படியே நின்றது. அதைத் தொடக்கத்துக்குத் திருப்ப ஒரு வரிகூட அவன் எழுதவில்லை.

அவள் சொன்னதுதான் நடந்திருந்தது. ஆனால் மனம் துள்ளவில்லை. 'ஊருக்கே வந்துவிடுவேன்.' அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவன் அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் இருப்பான். தோற்றுப்போய், தலை குனிந்து.

சனிக்கிழமை காலை தபால் நிலையத்துக்குப் போய் அவன் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டாள்.

"நான்தான், கோகிலா. ரெண்டாவது பள்ளிக்குப் போறதுக்கு முன்னால, மாறின கட்டளையைப் பழையபடி வைங்க."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"அட... நீ ஜெயிச்சிட்டேலா! இனிமே நானும் துண்டு துண்டாத்தான் எழுதப்போறேன்."

"இடம் பத்துமா?"

"குத்திக் காட்டாதே!" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்பாடா! இனி நான் ஊருக்கு வர வேண்டியதில்ல!"

கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "வர வேண்டியதில்ல."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதை விட்டு வரவில்லை.