ஆசிரியை வெளியே இருக்க வேண்டும்

ஒரு கேள்விக்குப் பொருத்தமான ஆய்வு வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பல ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கியிருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்காட்டியவை எல்லாம் பிறர் செய்த ஆய்வுகள். என் முதல் ஆய்வைப் பற்றி எந்த வகுப்பிலும் பேசியதில்லை. என் மனைவி இருந்தவரை அதை எழுதுவதும் முறையாகத் தோன்றவில்லை. போன ஆடியில் அவள் போய்விட்டாள். இனி எழுதினால் யாருக்கும் நோகாது. யாருக்கும் பயனும் இல்லை.

ஆந்திர மாநிலம் பிரிந்து, சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்து, எல்லைக்கோடு எந்த ஊருக்கு அப்பால் நிற்கும் என்று எவருக்கும் தெரியாதிருந்த காலம் அது. திருப்பதியில் புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்தில் நான் கல்வித்துறை ஆய்வு மாணவன். புத்தூரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். காலையில் நான் திருப்பதிக்கு ரயிலேறுவேன். அவள் எதிர்த்திசையில், நகரி போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் ஒரு கிராமத்தில் இறங்குவாள். அங்கிருந்த தொடக்கப் பள்ளியில் தெலுங்குப் பிரிவு ஒன்றும் தமிழ்ப் பிரிவு ஒன்றும் இருந்தன. தமிழ்ப் பிரிவுக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை.

தமிழ்ப் பிரிவுகளில் எவற்றைத் தொடர்வது, எவற்றை மூடுவது என்று சித்தூர் கல்வி அலுவலகத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பள்ளியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிரிவு மூடப்பட்டால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கோ வீட்டில் பேசும் மொழியில் பாடம் இல்லை. அதனால்தான் நான் அந்தத் தலைப்பையே எடுத்தேன்: தாய்மொழிப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள், பிரிவு மூடப்பட்டுத் தெலுங்குக்கு மாற்றப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளைவிட நன்றாகக் கற்கிறார்களா? ஆம் என்பதற்குச் சான்று கிடைத்தால், அது அவள் வகுப்பைக் காக்கும் என்று நம்பினேன். அலுவலகம் அனுமதி தந்தது. முடிவின் பிரதி ஒன்று தங்களுக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை.

வடிவமைப்பில்தான் தகராறு வந்தது. மூன்று வழிகள் இருந்தன. பல பள்ளிகளில் ஒரே ஒரு முறை தேர்வு வைத்து மதிப்பெண்களை ஒப்பிடலாம். ஒரே பள்ளியில் ஆண்டு முழுவதும் உட்கார்ந்து, கற்பித்தல் நடப்பதைக் கவனித்து எழுதலாம். அல்லது இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதே பிள்ளைகளுக்கு ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேர்வும் முடிவில் ஒரு தேர்வும் வைத்து, எங்கே வளர்ச்சி அதிகம் என்று பார்க்கலாம்.

என் மனைவிக்கு இரண்டாவது வழிதான் வழி.

"இஸ்கூல பாக்கணும்னா ஒரு வருசம் வந்து உக்காந்து பாக்கறதுதானே? ரெண்டு நாளு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறீங்களா? பொண்ணு பாக்க வந்தவங்ககூட அதவிட நேரம் உக்காருவாங்க."

"பொண்டாட்டி வகுப்புல உக்காந்து எழுதினதை எவன் நம்புவான்?"

"நம்பாட்டிப் போறான். உங்களுக்காவது தெரியும் இல்ல?"

என் வழிகாட்டி, நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கர், சிரித்துக்கொண்டே அதை மறுத்தார். "கேள்வியைப் பார்த்து டிசைனை எடு, பாபு. ஆளைப் பார்த்து எடுக்காதே" என்றார். ஒரு முறை மட்டும் வைக்கும் தேர்வு, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுமே தவிர, அங்கே எப்படி வந்தார்கள் என்று காட்டாது. வளர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு இரண்டு அளவுகள் வேண்டும். ஒப்பிட இன்னொரு பள்ளி வேண்டும். அவர் சொன்னதில் பிழை இல்லை. இன்று யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஒப்பீட்டுக்குக் கார்வேட்டிநகரம் பக்கத்தில், பிரிவு ஏற்கெனவே மூடப்பட்ட ஒரு பள்ளியைத் தேர்ந்தோம். ஒரு விதியை அவர் அழுத்திச் சொன்னார்: தேர்வு நடக்கும்போது வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது. ஒரு பார்வையிலும் ஒரு செருமலிலும் விடை கசிந்துவிடும். ஆசிரியை என் மனைவியாக இருக்கும்போது அந்த விதி இன்னும் கட்டாயம்.

ஆகவே முதல் தேர்வன்று அவள் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் பெயர் கூப்பிட்டேன். பதிவேட்டில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். "ஆஜர் சார்" என்று ஒவ்வொரு குரலும் திடமாக வந்தது. எழுதச் சொன்னதை எழுதினார்கள், கணக்கைப் போட்டார்கள். வாசலுக்கு வெளியே ஊர்ப் பெரியவர்கள் சிலர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திருவிழாவுக்கு வந்தவர்கள்போல் நின்றிருந்தார்கள். கல்வியில் அவர்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. விடைத்தாள்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தன. ஆண்டு முடியும்வரை மதிப்பெண்களை ஆசிரியைக்குச் சொல்லக் கூடாது என்பதும் விதி. நான் சொல்லவில்லை.

அந்த ஆண்டு அவள் வழக்கத்துக்கு மாறாக உழைத்தாள். முதல் பஸ்ஸிலேயே போய், பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனாள். மாடு மேய்க்கும் பையன்களை மேய்ச்சல் நிலத்திலேயே பிடித்து வைத்து எழுத்து கற்பிப்பதாகச் சொன்னார்கள். தொண்டை கட்டி, வீட்டில் சைகையால் பேசிய நாட்கள் உண்டு. இதை நான் வழிகாட்டியிடம் ஒரு குறையாகச் சொன்னேன். ஒரு பள்ளியில் மட்டும் கூடுதல் பாடம் நடந்தால் ஒப்பீடு சமநிலை இழக்கும் அல்லவா? அவளிடமும் சொன்னேன்.

"இப்பிடி ஓவரா சொல்லிக் குடுத்தா என் ஆய்வு கெட்டுடும்."

"கெட்டாக் கெடட்டும். பல்லு தேச்சிட்டு வாங்க, இட்லி ஆறிப்போவுது."

அந்த ஆண்டின் நடுவில் எல்லை பற்றிய முடிவு ஊருக்கு ஊர் தெரிந்துபோயிற்று. திருத்தணிப் பக்கம் சென்னை மாநிலத்துக்குப் போகும். அவள் பள்ளி இருந்த ஊர் ஆந்திரத்திலேயே நிற்கும். டீக்கடையில் சில நாட்கள் சத்தம் இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

இரண்டாம் தேர்வன்று வாசலில் எவரும் நிற்கவில்லை. அவள் முன்போலவே வெளியே இருந்தாள். நான் அதே பெயர்களைக் கூப்பிட்டேன். அதே "ஆஜர் சார்" வந்தது, இம்முறை கொஞ்சம் கூச்சத்துடன். திருத்திப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் மதிப்பெண் இறங்கியிருந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்துப் பள்ளியில் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் மறுபடி கூட்டினேன். வழிகாட்டியும் கூட்டினார். தமிழ்ப் பிரிவில் ஓராண்டு படித்த பிள்ளைகள் தொடங்கிய இடத்திலிருந்து பின்னால் போயிருந்தார்கள் என்பதுதான் முடிவு. "வந்ததை எழுது" என்றார் அவர். எழுதினேன். பிரதி சித்தூருக்குப் போயிற்று.

அவளிடம் முடிவைச் சொன்னேன். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றவள், "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்துப் புத்தூர் பஸ் நிலையத்தில், அவள் பள்ளி இருந்த ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தறி வைத்திருப்பவர். நூல் மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டு, மிகுந்த உரிமையோடு பேசினார்.

"சார், நல்லாக்கிறீங்களா? போன வருசம் எங்க வூட்டுப் பையன் பேர்ல எழுதுனது எங்க மச்சான் புள்ள சார். திருத்தணியாண்ட படிக்கிறான். இன்னா கையெழுத்து, பாத்தீங்களா? முத்து மாரி இல்ல?"

"எதை எழுதினது?"

"அதான் சார், எல்லைப் பரீட்ச வச்சீங்களே."

"எல்லைப் பரீட்சையா?"

"புள்ளைங்க தமிழ் நல்லா எழுதுனா ஊரு மெட்ராஸ் பக்கம் போவும்னு சொல்லிக்கினு இருந்தாங்க. எங்க புள்ளைங்கள நம்பி எப்பிடி சார் வுடறது? பாதிக்கு மாட்ட ஓட்டத்தான் வரும். அதான் சொந்தக்காரங்க வூட்லேர்ந்து நல்லாப் படிக்கிற புள்ளைங்களா பாத்து இட்டாந்து உக்கார வச்சோம். ரெண்டு நாளு அதுங்களுக்குக் கறிச்சோறு. துன்னுட்டு ஜோரா எழுதிட்டுப் போச்சுங்க." அவர் சிரித்தார். பிறகு கையை விரித்தார். "எல்லாம் வேஸ்டாப் பூட்டுது. ஊரு இங்கியே நின்னுட்டுது."

"இந்த வருஷம்?"

"இந்த வருசம் எதுக்கு சார்? அதான் தீர்ப்பு ஆயிட்டுதே. எங்க புள்ளைங்களேதான் குந்திச்சுங்க."

பஸ் வந்தது. மூட்டையை ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

அன்று மாலை அவளிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும். 'நேத்து நாங்க வரல டீச்சர், எங்க பேர்ல வேற ஆளு எழுதிச்சு'ன்னு புள்ளைங்களே சொல்லிச்சுங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க எழுதிடுவீங்க." கோபமில்லாமல், விலை சொல்வதுபோல் சொன்னாள். "ஊரே ஏமாத்துச்சுன்னு சித்தூர்ல படிப்பாங்க. நல்லது பண்றோம்னு நெனச்சுப் பண்ணதுங்க அந்த சனங்க. ஒரு வருசம் இருக்குதே, எங்க புள்ளைங்கள அந்தப் புள்ளைங்க அளவுக்கு ஏத்திட்டா யாருக்கும் தெரியப்போறது இல்லன்னு பாத்தேன். முடியல."

முதல் பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமைகளும் கட்டிப்போன தொண்டையும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கிற்று. பிறகு அவள் கேட்டாள்:

"எத்தினி ஏறியிருப்பாங்க? அதையாவது சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. ஏறியதை அளக்க, தொடங்கிய இடம் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் முதல் தேர்வே வைத்திருக்கவில்லை. அவர்கள் பெயரில் இருந்தவை வேறு பிள்ளைகளின் மதிப்பெண்கள். எழுத்தே அறியாத பையன் அந்த ஓராண்டில் நாலு வரி எழுதக் கற்றிருந்தாலும் என் கணக்கில் அவன் இறங்கியவன்தான். ஆண்டு முழுவதும் வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவர்கள் முகங்கள் எனக்குத் தெரிந்திருக்கும்.

அவள் வேண்டாம் என்றாள்; ஆனாலும் நான் சித்தூருக்குப் போனேன். அதிகாரி மரியாதையானவர், சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். முழுவதையும் கேட்டுவிட்டுக் காப்பி வரவழைத்தார்.

"பிள்ளைகள் பின்னால போனது நிஜம்னா அந்தப் பிரிவு வீண். ஊர் ஏமாத்தினது நிஜம்னா அந்த ஊருக்குச் சலுகை வீண். இதுல எதை நான் எழுதட்டும், சொல்லுங்க?"

"மார்க் ஏறியிருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் நேர்மையாகவே யோசித்தார். "இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைங்க தெலுங்கையும் சுலபமாப் பிடிச்சுக்குவாங்கன்னு எழுதியிருப்பேன். காப்பி ஆறுது, சார்."

அந்தக் கோடை விடுமுறைக்குப் பின் தமிழ்ப் பிரிவு திறக்கப்படவில்லை. பிள்ளைகளில் சிலர் தெலுங்குப் பிரிவில் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பலர் தறிக்கும் மாட்டுக்கும் போனார்கள். அவளை மாவட்டத்தின் மறுகோடியில், ராமகுப்பம் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். பலமனேரில் பஸ் மாறிப் போக வேண்டும். நான் கொண்டுபோய் விட்டுவந்தேன். அங்கே அவளுக்கு வகுப்பு தரவில்லை. அவள் கோப்பில் என் ஆய்வின் சுருக்கம் இணைக்கப்பட்டிருந்தது. தலைமையாசிரியர் அதைப் படித்திருந்தார். தையலும், காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் அவளுக்கு ஒதுக்கப்பட்டன. பொங்கலுக்கு ஊர் வந்தவள் திரும்பிப் போகவில்லை. ராஜினாமாவை நான்தான் தபாலில் சேர்த்தேன்.

ஆய்வேட்டில், முதல் தேர்வை எழுதியவர்கள் பதிவேட்டுப் பிள்ளைகள் அல்லர் என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தேன். ஊரில் அதை எழுத்தில் தர எவரும் முன்வரவில்லை. பஸ் நிலையத்தில் சிரித்துக்கொண்டே சொன்னவர் என்னைக் கண்டதும் தெரு மாறினார். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். தேர்வாளர் அந்தக் குறிப்பைச் செவிவழிச் செய்தி என்று நீக்கச் சொன்னார். வடிவமைப்பைத் தேர்ந்த விதம் பாராட்டுக்குரியது என்றும் எழுதியிருந்தார். பட்டம் கிடைத்தது, திருப்பதியிலேயே வேலையும் கிடைத்தது.

நாங்கள் திருப்பதிக்குக் குடிவந்த புதிதில், அவள் ஆசிரியையாக இருந்தவள் என்று அக்கம்பக்கத்தில் எப்படியோ தெரிந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா, இவனுக்கு சாயங்காலத்துல கொஞ்சம் கணக்கு சொல்லிக் குடுங்களேன். ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

நான் உள் அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது.

"எங்கிட்ட வேணாம்மா" என்றாள் அவள். "நான் சொல்லிக் குடுத்தா இருக்கறதும் எறங்கிப்பூடும். இவரே எழுதி வச்சிக்கீறாரு, கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். பையனுக்கு ஒரு முறுக்கைக் கொடுத்து அனுப்பினாள்.

அந்தத் தெருவில் நாங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தோம். அவளை டீச்சரம்மா என்று அதன்பிறகு எவரும் கூப்பிடவில்லை.