காலை எடுக்காதே, தம்பி

2018 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. முதலாம் உலகப் போர் ஓய்ந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த நாள். லண்டனில், மோர்டனில் இருக்கும் எங்கள் வீட்டில் காலை நினைவு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அப்போது பக்கத்துத் தெருத் தங்கச்சி தொலைபேசியில் அழைத்தார். சொந்தத் தங்கை அல்ல. வன்னியிலிருந்து வந்து, அருகே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர்.

“அண்ணை, உலக யுத்தம், உலக யுத்தம் எண்டு சனத்தின்ர காதை அறுக்கிறனீங்கள்தானே. இஞ்ச உண்மையான ஆள் ஒண்டு இருக்கு. கொஞ்சம் வாங்கோ.”

விளையாட்டாகத் தொடங்கினாலும் குரல் சரியில்லை. அவர் சொன்னது இதுதான். தொண்ணூற்றைந்து வயதைக் கடந்த ஓர் ஆங்கிலேயர் அங்கே இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். மறதி நோய் முற்றி, கொஞ்ச நாளாக ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியிருப்பது தமிழ். அறைக்குள் யார் கால் வைத்தாலும் “நில்லு” என்று கத்துகிறார். யாரையும் கிட்ட விடுவதில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. மறுநாள் காலை மருத்துவர் வந்து, ஊசி போட்டு, பூட்டிய பிரிவுள்ள வேறோர் இடத்துக்கு மாற்றப் போகிறார்கள்.

“அங்க கொண்டுபோனால் ஆள் தப்பாது அண்ணை. நானும் தமிழிலதான் பதில் சொல்லிப் பாக்கிறன். நான் கதைக்கக் கதைக்க இன்னும் மோசமாப் போகுது. ‘சாமி கும்பிடாதே’ எண்டு அழுறார். திருநீறைப் பாத்துத்தான் சொல்றாராக்கும் எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டும் போனன். அப்பவும் அதைத்தான் சொல்றார்.”

ஓர் ஆங்கிலேயருக்குத் தமிழ் எப்படி வந்தது என்பது எனக்குப் புதிராக இருக்கவில்லை. சென்னை மாகாணத்து வீரர்கள் சேவை செய்த பொறியியல் படைகளில் இளம் ஆங்கிலேய அதிகாரிகள் தமிழ் கற்றாக வேண்டும். பாலம் போடுவது, வழி திறப்பது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் அவர்கள் வேலை. அந்த வீரர்களை எல்லோரும் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள் என்றும் படித்திருக்கிறேன். 1945 தொடக்கத்தில் ஐராவதி ஆற்றைக் கடந்தபோது அவர்களும் இருந்தார்கள். அந்தப் போர்முனையைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேச என்னால் முடியும். ஆனால் அங்கே நின்ற ஒருவரை நேரில் பார்த்ததில்லை.

இல்லத்தின் பொறுப்பாளர் அனுமதித்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. மூன்று மணி இருக்கும். நவம்பர் மாத லண்டன் வெளிச்சம் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. தங்கச்சி கையில் தேநீரும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்த தட்டு. கதவடியில் என்னை நிறுத்தினார்.

“இதைத் தாண்டினால் கத்துவார். நிலத்தைப் பாத்துக் கத்துறார் அண்ணை, ஆளைப் பாத்து இல்லை. என்னையும் தம்பி எண்டுதான் கூப்பிடுறார். இது மிதிவெடி. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.”

அவர் வன்னியில் என்னென்ன தாண்டி வந்தார் என்று நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அறையில் சாம்பல் நிறக் கம்பளம். எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் அவர் இருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு. போர் நினைவு நாளுக்காக யாரோ சட்டையில் குத்திவிட்ட சிவப்புக் காகிதப் பூ. நான் ஒரு காலை உள்ளே வைத்தேன்.

“தம்பி, நில்லு. காலை எடுக்காதே.”

தமிழ் நாவுக்குப் பழகாத உச்சரிப்பு. ஆனால் வார்த்தைகளில் தடுமாற்றம் இல்லை. கிழவரின் குரலும் அல்ல அது. இருபத்திரண்டு வயதுக் குரல் அந்த உடம்புக்குள் உட்கார்ந்திருந்தது. நான் அப்படியே நின்றேன்.

“நிக்கிறியா?”

“ஓம்” என்றேன்.

அவர் முகம் மாறியது. பயத்தில் மறுபடியும் அவசரமாக “ஓம், ஓம்” என்றேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். “சாமி கும்பிடாதே, தம்பி. என்னைப் பாரு. சாமி கும்பிடாதே.” கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“பாத்தீங்களே, இதுதான்” என்று பின்னால் தங்கச்சி முணுமுணுத்தார்.

அந்தக் கணத்தில் வேறொரு குரல் ஞாபகம் வந்தது. நான் லண்டன் சவுத்தாலில் முதன்முதல் வேலைக்குப் போனபோது, மதுரைக்காரர் ஒருவர் கூட வேலை செய்தார். நான் தொலைபேசியில் “ஓம், ஓம்” என்று பேசும்போதெல்லாம், “யாருக்குங்க மந்திரம் ஓதுறீங்க?” என்று கேட்டுச் சிரிப்பார். ஆம் என்பதற்கு நாங்கள் யாழ்ப்பாணத்தார் சொல்வது ஓம். இந்த மனிதர் தமிழ் படித்தது தென்னிந்திய வீரர்களிடம். அவர்கள் வாயில் ஓம் வருவது கடவுளைக் கூப்பிடும்போது மட்டும்தான்.

அப்படியானால் இவர் காதில் கேட்பது எங்கள் பதில் அல்ல. எழுபது வருடங்களுக்கு முன்னால், எங்கோ ஒரு கண்ணிவெடி நிலத்தின் நடுவில், காலை அசைக்க முடியாமல் நின்றுகொண்டு ஒருவன் ஓம் என்று சொல்லியிருக்கிறான். தங்கச்சி நாள்தோறும் அன்போடு இந்தக் கதவடியில் வந்து நின்று, அவனுடைய குரலாகிக்கொண்டிருந்தார். இப்போது நானும்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சினிமாவிலும் அந்த மதுரைக்காரர் வாயிலும் மட்டும் கேட்ட தமிழில் சொன்னேன்.

“ஆமா சார். நிக்கிறேன் சார்.”

கைகள் மெதுவாகக் காதிலிருந்து இறங்கின. அவர் என்னை முதன்முதலாகப் பார்த்தார்.

“நல்லது. நான் காட்டுற இடத்துல கால் வை. வலது கால். மெதுவா.”

விரலால் கம்பளத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். வைத்தேன். அடுத்தது இடது. அது நேர்வழி அல்ல. ஓரிடத்தில் சுவரோரமாக ஒதுங்க வைத்தார். இன்னோர் இடத்தில், ஒன்றுமே இல்லாத வெற்று நிலத்தைப் பெரிய எட்டாகத் தாண்ட வைத்தார். பாதி தூரம் போவதற்குள், அங்கே இருப்பது வெறும் கம்பளம்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் தட்டு கிணுகிணுத்தது.

“நீர் ஏன் வாறீர்? நேர வரலாமே” என்றேன் மெதுவாக.

“பகிடி விடாதேங்கோ அண்ணை. உங்கட அடியிலதான் நானும் வைக்கிறன்.”

நாற்காலியை அடைந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி தேநீர்க் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. எங்களைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்தார்.

“இன்னொருத்தன் எங்க?”

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை. இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் நாங்கள் வந்த வழியின் நடுவில், அவர் என்னைத் தாண்ட வைத்த அந்த இடத்தில், தங்கச்சியின் கண் நின்றுவிட்டதை நான் கவனித்தேன்.

கலியாண வீடுகளில் யாராவது ஒரு சண்டையின் வருடத்தைத் தவறாகச் சொன்னாலே திருத்தாமல் விடாதவன் நான். அன்று பொய் சொல்ல நாக்கு கூசவில்லை.

“வந்துட்டான் சார்.”

“கால்?”

“நல்லா இருக்கு சார். ரெண்டும்.”

அவர் தலையைச் சாய்த்து நெடுநேரம் உற்றுக் கேட்டார். பிறகு, “சத்தம் நின்னுடுச்சு” என்றார். நிம்மதியாகச் சொன்னாரா, அல்லது அன்று பர்மாவில் அந்தக் குரல் உண்மையில் எப்படி நின்றது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த நிமிடம் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் வந்த மருத்துவர் ஊசி போடவில்லை, அவரை மாற்றவும் இல்லை. இல்லத்தில் வேலை செய்த போலந்துப் பெண்ணும் பிலிப்பைன்ஸ்காரரும்கூட வாசலில் நின்று “ஆமா சார்” என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். “எல்லாரும் இந்தியாக்காரர் ஆகிட்டினம் அண்ணை” என்று தங்கச்சி சிரித்தார். அடுத்த வசந்தத்தில், தூக்கத்திலேயே, அந்த முதியவர் இறந்துபோனார்.

அதன் பிறகு அந்த இன்னொருவனைத் தேடினேன். ஐராவதிக் கரைச் சண்டைகளைப் பற்றி என்னிடமிருந்த எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். நாள் கிடைத்தது, படைகள் கிடைத்தன, ஆற்றின் அகலம்கூடக் கிடைத்தது. அவன் எங்கும் இல்லை. ‘கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு வழி திறக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. முன்பெல்லாம் அந்த மாதிரி வரியை ஒரு நொடியில் கடந்து அடுத்த சண்டைக்குப் போய்விடுவேன். இப்போது அங்கே வந்ததும் என்னை அறியாமல் நின்றுவிடுகிறேன். அந்த வரிக்குள் யாரோ ஒருவன் இன்னும் காலை எடுக்காமல் நின்றுகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.