பார்க்காத அறைக்கு ஒரு சாட்சி

காவல் நிலையத்துக்கு எதிரில் கடை போட்ட நாளிலிருந்தே பூட்டுக்காரருக்கு அந்த வேலை ஒட்டிக்கொண்டது. சோதனை போட்டுப் பொருளை எடுத்ததாக எழுதினால், வெளியாள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டு தாளோடு தெருவைத் தாண்டி வருவார். இவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக்கொடுப்பார். எதிரில் இருப்பவர்களைப் பகைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா? தன் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு கேஸும் நகராது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்து, பூட்டு ஒன்றைத் திறந்து தரக் கூப்பிட்டாள். பெயிண்டர் வேலை பார்க்கும் அவள் தம்பியைப் போலீஸ் பிடித்து, நாலு நாள் நீதிபதி முன்னால் நிறுத்தாமலே வைத்து அடித்திருக்கிறது. இப்போது சிறையில் இருக்கிறான். அறைச் சாவியையும் கொண்டுபோய்விட்டார்கள். அவன் வேலைக்குப் போன சீட்டுகள் உள்ளே இருக்கின்றன, வக்கீலம்மா கேட்கிறார் என்றாள்.

மாடிப்படிக்கு அடியில் இருந்தது அறை. பூட்டு இரண்டே நிமிடத்தில் வாயைத் திறந்தது. உள்ளே ஒரு பாய், துணி போடும் கொடி, மூன்று பெயிண்ட் டப்பா. அவ்வளவுதான்.

அவள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினாள். "பீரோவோட கீழ்த்தட்டுல இருந்து ரெண்டு திருட்டு போன் எடுத்தாங்களாம். பாருங்கண்ணே, பீரோ எங்க இருக்கு? இதக் கூடவே நின்னு பாத்தேன்னு ஒரு மனுஷன் கையெழுத்து போட்டிருக்கான்."

தாளின் அடியில் வால் நீண்டு கிடந்தது அவருடைய கையெழுத்து. திருப்புளியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி துருவித் துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அவர் முன்னால் இருந்த தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க."

அதற்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பெண் சொன்ன வக்கீலம்மாவைத் தேடிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாக விளக்கினார். நாலு நாள் அடைத்து வைத்ததே சட்டமீறல், அதற்கு மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், உயர் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம், அடித்தவர்கள் மேல் வழக்கும் போடலாம். ஆனால் முதலில் இந்தப் பொய் வழக்கு உடைய வேண்டும். அதற்கு இவர் கூண்டேறி உண்மையைச் சொல்ல வேண்டும். இவர் மேலும் நடவடிக்கை வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கூண்டேறினார். அந்த அறையை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"அவங்க அக்கா பூட்டு திறக்கக் கூப்பிட்டப்பதாங்க ஐயா."

பின்வரிசையில் இருந்த அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"இதுக்கு முன்னாடி இப்படி எத்தனை போட்டிருக்கீங்க?" என்றார் நீதிபதி.

"தெரியலீங்க."

பெயிண்டர் விடுதலையானான். ஆணையம் விசாரித்து இழப்பீடு தரச் சொன்னது. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இவர் கையெழுத்தால் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் மனுப் போடலாம், ஆள் யாரென்று தெரிந்தால் போதும் என்றார் வக்கீல். ஞாயிறுதோறும் வக்கீலின் அறையில் உட்கார்ந்து பூட்டுக்காரர் மூளையைக் கசக்கினார். மழை கொட்டிய நாள் ஒன்று, ஏட்டின் பேனா எழுதாமல் அடம்பிடித்த நாள் ஒன்று, இப்படித்தான் வந்தன. ஒரு முகம்கூட வரவில்லை. அவர்களில் யாரையும் அவர் பார்த்ததே இல்லை.