இத்தாலியில் வாங்கிய கைப்பை

மிலான் தோல் கண்காட்சிக்கு ஆம்பூர்த் தோல் வியாபாரிகளான எங்களோடு வந்த பக்கத்து ஊர் மாதனூர்க்காரர் எதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், ஓட்டல் சோபாவைக்கூட.

ஒரு மாலை, கடை மூடுகிற அவசரத்தில் உறையைப் பிரிக்காமலே ஆளுக்கொரு கைப்பை வாங்கினோம். அறையில் பிரித்ததும் அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. தோல் என்று எழுதி ரெக்சினை விற்றிருக்கிறார்கள்.

"காலையில திருப்பிக் குடுத்துடலாம், வாங்க" என்றார்.

"விடுங்க பாய். ஆம்பூர்க்காரங்க தோல்ல ஏமாந்தோம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றேன்.

"அந்தக் கடையில நான் இன்னா தோல்காரனா? காசு குடுத்து வாங்கினவன். பொய் எழுதி வித்தா இங்கயும் தப்புதான். வெளிநாட்டுக்காரன்னா சட்டம் மாறிடுமா?"

மறுநாள் பில்லோடு தனியாகப் போனார். முழுப் பணத்தோடு திரும்பினார். விமானத்தில் அசந்து தூங்கினார். நான் மடியில் பையோடு விழித்திருந்தேன்.

என் மனைவி கல்யாணத்துக்குக் கல்யாணம் அதை மாட்டிக்கொண்டு போகிறாள். "அசல் இத்தாலித் தோல், இவரே பார்த்து வாங்கினார்" என்கிறாள். நானும் தலையாட்டுகிறேன்.

அந்தக் கட்டைவிரல் எனக்கும் உண்டு. ஏமாந்துவிட்டேன் என்று கூசாமல் சொன்ன அந்த வாயை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.